பழைய ஸ்போர்ட்ஸ் கார்: யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

யானையை வாங்குவது பெரிதல்ல, கட்டித் தீனி போடுவதுதான் பெரிது என்பார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது அப்படியே பொருந்தும். வாங்கும் விலை ஒருமுறைதான். சர்வீஸ், உதிரி பாகம், துரு ஆகிய மூன்றுக்கும் கார் இருக்கும் வரை செலவு செய்ய வேண்டும். இந்தச் செலவு எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது? எம்.ஜி.பி., மஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற இரண்டு கார்களின் வரலாறு இதற்கு நல்ல பதில் சொல்கிறது.

எம்.ஜி.பி. (1962 - 1980)

இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் தயாரான கார் இது. 18 வருடங்களில் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1798 சி.சி. எஞ்சின் எளிமையானது, உறுதியானது. ஆனால் இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்துப்போக வைக்க அடிக்கடி டியூன் செய்ய வேண்டும். ஆயில் கசியும். மின்சாரக் கோளாறு தனிக்கதை. அந்தக் கால பிரிட்டிஷ் கார்களுக்கு மின்கருவிகள் செய்த லூகாஸுக்கு ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் "இருளின் இளவரசன்"! ஓடும்போதே ஹெட்லைட் அணைந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இவற்றை விடப் பெரிய எதிரி துரு. இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே மொத்தப் பளுவையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே உள்ள பகுதி அரித்துவிட்டால் முதுகெலும்பே போன மாதிரி. வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

அப்படியிருந்தும் இந்தக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. காரணம், உதிரி பாகம். தொழிற்சாலை மூடி 8 வருடம் கழித்து, 1988-இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு பாடியையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது!

மஸ்டா எம்.எக்ஸ்-5

பிரிட்டிஷ் கார்களின் சுகம் வேண்டும், தொல்லை வேண்டாம். இந்த ஆசைக்குக் கிடைத்த பதில்தான் எம்.எக்ஸ்-5. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இந்த யோசனையை மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னது 1979-இல். கார் வெளியானது 1989-இல், சிகாகோ கண்காட்சியில். 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். கார்புரேட்டர் இல்லை, ஃப்யூயல் இன்ஜெக்ஷன்.

சுமார் 96,000 கி.மீ.க்கு ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். மறந்துபோய் அது அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. கார் நின்றுவிடும், அவ்வளவுதான். பல எஞ்சின்களில் இதே தவறுக்கு எஞ்சினையே இழக்க வேண்டியிருக்கும்.

குறையே இல்லையா? உண்டு. ஆரம்ப கால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை பலவீனம். 1991-இல் மஸ்டா அதை மாற்றியது. கூரைத் துணியிலிருந்து நீர் வடியும் துளை அடைத்தால், கதவுக்குக் கீழே துரு பிடிக்கும். எம்.ஜி.பி.யைக் கொன்ற அதே இடம்! ஆனாலும் 2000-இல், 5,31,890 கார்களுடன், உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம்பிடித்தது. 2017-இல் மஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. பழைய அளவு டயர், கூரைத் துணி வரை மீண்டும் தயாரித்தார்கள்.

மறுபக்கம்

1994-இல் வந்த ஃபெராரி எஃப்355-ஐப் பாருங்கள். இதிலும் டைமிங் பெல்ட்தான். ஆனால் அதை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை அல்ல, கூலிதான் கண்ணைக் கட்டும். கார் அதிகம் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும், வருடக் கணக்குப்படி பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். 2004-இல் வந்த எஃப்430-இல்தான் பெல்ட் போய்ச் செயின் வந்தது.

முடிவாக

பழைய கார் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் விலையோடு சேர்ந்து சர்வீஸ் பில் இறங்குவதில்லை. புதிதாக விற்றபோது எவ்வளவு விலையுயர்ந்த காரோ, பில்லும் அந்தத் தரத்திலேயே வரும். நிறையப் பேர் வாங்கிய, எளிதில் பிரித்து மாட்டக்கூடிய, பாகம் கிடைக்கும் காரே நீண்ட காலம் வாழ்கிறது. வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மினுங்கும் பெயிண்டை அல்ல. கதவுக்குக் கீழே உள்ள தகட்டையும், பழைய சர்வீஸ் ரசீதுகளையும்தான்.