இரவுப் பள்ளியில் அச்சான பாடநூல்: பொறியியல் இயக்கவியலில் ஆய்வு வாய்ப்புகள் திறந்த விதம்

ஒரு துறையில் ஆய்வு முதிர்ந்த பிறகு அதன் சாரத்தைத் திரட்டிப் பாடநூல் எழுதுவார்கள் என்பது பொதுவான எண்ணம். பொறியியல் இயக்கவியலின் வரலாறு பல இடங்களில் இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. 1925இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பயன்முறை மீட்சியியல்’ நூலின் முகப்பில் பல்கலைக்கழகப் பெயர் எதுவும் இல்லை. வெளியீட்டாளர், பிட்ஸ்பர்க் அருகே வெஸ்டிங்ஹவுஸ் மின்னியந்திர நிறுவனத்தின் தொழில்நுட்ப இரவுப் பள்ளி. எழுதியவர்கள் ஸ்டீபன் திமோஷென்கோவும் லெஸல்ஸும். அந்நாட்டில் இத்துறையில் முறையான ஆய்வு வேரூன்றியதற்கு இத்தகைய வகுப்புகளும் அவற்றுக்கான நூல்களுமே முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வழக்கத்தின் வேர் பிரான்சில் இருக்கிறது. பாலங்கள், சாலைகளுக்கான பாரிஸ் பொறியியல் பள்ளியில் நாவியே நடத்திய விரிவுரைகள் 1826இல் நூலாயின. உத்தரம் எந்த அளவு சுமையில் உடையும் என்று கேட்பதோடு நிற்காமல், அன்றாடச் சுமையில் அதனுள் எவ்வளவு தகைவு (ஓரலகு பரப்பில் எழும் விசை) எழுகிறது என்று கேட்கச் சொன்ன நூல் அது. 1864இல் அதன் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்த செயின்ட் வெனான், ஆசிரியரின் வாசகத்தை விடப் பல மடங்கு பெரிய குறிப்புகளைச் சேர்த்தார். நாவியேயின் மூலப்பகுதி மொத்த நூலில் பத்தில் ஒரு பங்குதான் என்று பின்னாளில் திமோஷென்கோ எழுதினார். அடிக்குறிப்பு என்று வந்தவையெல்லாம் உண்மையில் ஆய்வுக் கட்டுரைகள். மாணவர் பாடத்தைப் படித்துக்கொண்டே, விடை காணாத கேள்விகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அதே பக்கத்தில் கண்டார்.

ஜெர்மனியில் ஃபோப்பலின் விரிவுரைத் தொகுதிகள் இந்தப் பணியைத் தொடர்ந்தன. ரஷ்யப் பேரரசிலும் அவற்றைப் படித்தார்கள். 1878இல் உக்ரைனில் பிறந்த திமோஷென்கோ, 1905இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயக்கவியலாளர் பிராண்டிலிடம் சென்று, உத்தரம் பக்கவாட்டில் நெளிந்து நிலைகுலையும் சிக்கலை எடுத்துக்கொண்டார். பிறகு கியேவ் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். கல்வி அமைச்சர் கஸ்ஸோவின் நடவடிக்கைகளை எதிர்த்ததால் 1911இல் வேலை போயிற்று. அதே ஆண்டு அவருடைய கியேவ் விரிவுரைகள் ரஷ்ய மொழியில் நூலாயின. இந்தக் கல்வி மரபின் பிற்காலக் கிளை ஒன்று தமிழ்நாட்டையும் எட்டியது. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட ஃபியோதோசியெவ் போன்றோரின் பொருள் வலிமை நூல்கள், சோவியத் புத்தகங்களை விற்றுவந்த நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் பொறியியல் மாணவர்களிடம் வந்து சேர்ந்தன.

ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஸாக்ரெப் வழியாக 1922இல் அமெரிக்கா வந்த திமோஷென்கோ, அடுத்த ஆண்டு வெஸ்டிங்ஹவுஸில் சேர்ந்தார். அங்கிருந்த இளம் பொறியாளர்கள் கையேட்டுச் சூத்திரங்களை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள். சூத்திரம் எந்த அனுமானத்தில் நிற்கிறது என்று கேட்டால் திணறினார்கள். இதற்கு ஓர் எளிய உதாரணம், தகட்டில் போட்ட துளை. அகலமான தகடு ஒன்றை இரு புறமும் இழுக்கும்போது, அதன் நடுவே சிறிய வட்டத் துளை இருந்தால், துளையின் விளிம்பில் தகைவு சராசரியைப் போல மூன்று மடங்காகும். 1898இல் கிர்ஷ் காட்டிய முடிவு இது. துளை எவ்வளவு சிறியது என்பது முக்கியமில்லை, மூன்று மூன்றுதான். பரப்பளவால் சுமையை வகுத்துப் பழகியவருக்கு இது நம்பமுடியாத செய்தி. ஆனால் சுழல்தண்டின் விட்டம் மாறும் படி, சாவிப் பள்ளம், எண்ணெய்த் துளை என ஆலையில் உடைந்து வந்த பாகங்கள் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் உடைந்தன. மீட்சியியலைத் தூய கணிதம் என்று ஒதுக்கிவைக்க முடியாத நிலையை ஆலையே உண்டாக்கியது.

அங்கே திமோஷென்கோவிடம் பயின்ற டென் ஹார்டாக், 1934இல் எழுதிய ‘இயந்திர அதிர்வுகள்’ பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக இருந்தது. 1927இல் திமோஷென்கோ மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். அதே ஆண்டு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் பயன்முறை இயக்கவியல் பிரிவு தொடங்கியது. மிச்சிகனின் கோடைக்கால வகுப்புகளுக்குப் பிராண்டில், சவுத்வெல் போன்றோர் வந்து விரிவுரையாற்றினர். மற்றக் கல்லூரிகளின் ஆசிரியர்களும் வந்து கேட்டார்கள். முனைவர் பட்டத்துக்கான தலைப்புகள் அங்கே பிறந்தன. 1928 முதல் 1940 வரை அதிர்வு, பொருள் வலிமை, மீட்சியியல், நிலைப்புத்தன்மை, தகடுகளும் ஓடுகளும் என்று வரிசையாக நூல்கள் வந்தன. என் கணிப்பில், அந்த ஆண்டுகளில் எந்த ஆய்வு நிதியும் செய்யாத வேலையை இந்த நூல்கள் செய்தன.

போர் அடுத்த கேள்வியைக் கொண்டுவந்தது. 1943 ஜனவரி 16 இரவு, போர்ட்லாந்து துறையில் நின்றிருந்த புதிய எண்ணெய்க் கப்பல் ஷெனெக்டடி இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் கட்டப்பட்ட லிபர்ட்டி சரக்குக் கப்பல்களில் பல விரிசல்கள், மேல்தளத் திறப்புகளின் கூர்மையான சதுர மூலைகளில் தொடங்கின. துளை விளிம்பின் பழைய பாடம்தான். ஆனால் பற்றவைப்பும், குளிரில் நொறுங்கும் எஃகும் சேர்ந்தபோது மீட்சியியல் மட்டும் போதவில்லை. உலோகவியலாளரும் இயக்கவியலாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது. கிரிஃபித் 1920களின் தொடக்கத்தில் கண்ணாடி விரிசலால் உடைவதைப் பற்றிச் செய்த வேலையை எடுத்து, கடற்படை ஆய்வகத்தின் இர்வின் 1957இல் விரிசல் முனைக்கான தகைவுச் செறிவு எண்ணை வகுத்தார்.

1959இல் வான் விளாக்கின் ‘பொருள் அறிவியலின் கூறுகள்’ வெளிவந்தது. உலோகம், பீங்கான், பலபடி மூன்றையும் ஒரே புத்தகத்தில் படிக்க வைத்த நூல் அது. 1960இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுத் திட்ட அமைப்பு கார்னெல், பென்சில்வேனியா, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகங்களில் பல்துறைப் பொருள் ஆய்வகங்களைத் தொடங்கியது. இந்த இடத்தில் என் வாதத்தை நீட்டிக்கக் கூடாது. நூல் வந்ததால் ஆய்வகம் வந்தது என்று சொல்ல முடியாது. ஏவுகணையும் அணுசக்தியும் கேட்ட பொருள்களுக்காகப் பணம் வந்தது. பணம் முதலில் வந்து துறையை எழுப்பிய எடுத்துக்காட்டாகவே பொருள் அறிவியலைப் பார்க்க வேண்டும்.

ஆயினும் முறிவு இயக்கவியலில் பழைய பாதை மறுபடி தென்பட்டது. விரிசல் ஒவ்வொரு சுமைச் சுழற்சியிலும் எவ்வளவு வளரும் என்பதை இர்வினின் எண்ணோடு இணைத்த பால் பாரிஸும் உடனாசிரியர்களும் எழுதிய கட்டுரையை முன்னணி இதழ்கள் ஏற்கவில்லை. அது 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பொறியியல் இதழில் வெளிவந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து எஃப்-111 போர் விமானம் ஒன்றின் இறக்கை பறப்பில் முறிந்தது. உற்பத்தியிலேயே இருந்த குறை கண்ணில் படாமல் போயிருந்தது. பாகத்தில் முதல் நாளிலிருந்தே விரிசல் இருப்பதாக வைத்துக்கொண்டு அது எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்கிட வேண்டும் என்று அமெரிக்க விமானப்படை 1974இல் விதித்தது. அதற்குப் பிறகு விமான வடிவமைப்பு அலுவலகங்களில் முறிவு இயக்கவியல் தெரிந்த ஆள் கட்டாயத் தேவையானார்.