துணிப்பையின் கதை: மஞ்சப்பை முதல் நிமிர்ந்து நிற்கும் பை வரை



உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்னால் இருக்கும் ஆணியை ஒரு முறை பாருங்கள். கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்தது, ஜவுளிக்கடையில் வந்தது, ஏதோ கருத்தரங்கில் கோப்போடு சேர்த்துத் தந்தது என்று ஐந்தாறு துணிப்பைகளாவது தொங்கும். அவற்றில் எத்தனையை நீங்கள் சந்தைக்கு எடுத்துப் போகிறீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒன்றைத்தான். மற்றவை ஆணியிலேயே கிடக்கின்றன.

அந்த ஒரு பையை மட்டும் கை ஏன் தேடுகிறது? காரணம் அதன் வெட்டிலும் தையலிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளத் துணிப்பையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதில் நம் தாம்பரம் பகுதிக்கும் பங்கு உண்டு.

மடித்துத் தைத்த பை

நம் பாட்டிமார் காலத்து மஞ்சப்பை மிக எளிமையானது. நீளமான ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்து, இரு பக்கமும் தைத்து, மேலே இரண்டு காது வைத்தால் பை தயார். துணி துளியும் வீணாகாது. மஞ்சள் மங்கல நிறம் என்பதால் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்க அதுவே வழக்கமானது. மணமக்கள் பெயர், ஊர், தேதி அச்சிட்ட பை விழா முடிந்த பிறகு ரேஷன் கடைக்கும் மளிகைக்கடைக்கும் ஆண்டுக்கணக்கில் போய்வந்தது.

இந்தப் பையில் ஒரு குறை இருந்தது. துணியின் மடிப்புதான் அதன் அடி. தனியாக அடிப்பாகம் கிடையாது. பூசணிக்காயும் தக்காளியும் ஒன்றாகப் போட்டால் எல்லாம் நடுவில் குவிந்து, தக்காளி நசுங்கும். கீழே வைத்தால் சாய்ந்து விழும். வேறு பை இல்லாத காலத்தில் அந்தக் குறையை யாரும் பொருட்படுத்தவில்லை.

நெசவு நம் பக்கத்து ஊரில்

துணி எங்கிருந்து வந்தது? 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், பம்மல், அனகாபுத்தூர் என்ற ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றில் அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூர் பழைய நெசவாளர் ஊர். இங்கே கைத்தறியில் நெய்த கட்டம் போட்ட 'மெட்ராஸ் கைக்குட்டை' கடல் கடந்து நைஜீரியா வரை போனது. பெயர்தான் கைக்குட்டை. அங்கே அதை உடையாக உடுத்தினார்கள். அந்த ஏற்றுமதி சரிந்ததும் பல தறிகள் நின்றுபோயின. மிஞ்சிய நெசவாளர்களில் சிலர் வாழைநார் போன்ற இயற்கை நார்களைப் பருத்தியோடு சேர்த்து நெய்து, ஊரின் பெயரை மறுபடி செய்தித்தாள்களில் வரவைத்தார்கள்.

ஒரு முழம் துணிக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், அனகாபுத்தூரே சாட்சி. இதை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு கணக்குப் பார்க்கும்போது தேவைப்படும்.

வீட்டுக்குள் வந்த தையல் மெஷின்

ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நகரங்களில் 'சிங்கர்' என்றாலே தையல் மெஷின் என்று ஆகிவிட்டது. 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரானவரா என்று கேட்டார். அதற்கு அவர் விதிவிலக்காகச் சொன்ன உதாரணம் சிங்கர் தையல் மெஷின். மனிதரின் உழைப்பைப் பறிக்காமல், அவர் கைக்கு உதவியாக இருக்கும் கருவி என்பது அவர் கருத்து. அந்த ராமச்சந்திரன்தான் பிறகு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

1930களில் கொல்கத்தாவில் 'உஷா' மெஷின் தயாரிப்பு தொடங்கியது. அதன் பிறகு கால்மிதி மெஷின் நடுத்தர வீடுகளின் ஜன்னலோரத்துக்கு வந்துசேர்ந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கி, அங்கே ஆயத்த ஆடை நிறுவனங்களும் வந்தபின், இந்தப் பகுதிப் பெண்கள் பலருக்குத் தையல் மாதச் சம்பள வேலையாகவும் ஆனது. ஆக, துணியும் தையல் கையும் நம் பகுதிக்குப் புதிதல்ல.

பைக்கு அடி வந்த கதை

பைக்குத் தட்டையான அடி கொடுத்த வரலாற்றில் ஒரு பெண்ணுக்கு முக்கிய இடம் உண்டு. அமெரிக்காவின் மார்கரெட் நைட் சிறுவயதில் பருத்தி ஆலையில் வேலை பார்த்தவர். பின்னர் காகிதப் பை நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். அன்றைய காகிதப் பைகள் கடித உறை மாதிரி தட்டையாக இருக்கும். அடி வைத்த பையைக் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டும். அதைத் தானே செய்யும் இயந்திரத்தை நைட் வடிவமைத்தார். அதைப் பார்த்துச் சென்ற ஒருவர் தன்னுடையது என்று உரிமை கோரினார். நைட் வழக்காடித் தம் வரைபடங்களைக் காட்டி வென்று, 1871இல் காப்புரிமை பெற்றார். மளிகைக்கடைப் பை மேசைமேல் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியது.

துணிப்பையில் இதே வசதியைப் புகழ்பெறச் செய்தது அமெரிக்காவின் எல்.எல்.பீன் நிறுவனம். 1944இல் அது கனமான கேன்வாஸ் துணியில் ஒரு பை விற்றது. காரிலிருந்து ஐஸ்பெட்டிக்குப் பனிக்கட்டி தூக்கிச் செல்வதுதான் அதன் வேலை. அகலமான அடி, இரட்டைத் துணி, வலுவான பிடி என்று எல்லாமே கனத்தை மனதில் வைத்துச் செய்தவை. 1965இல் நிறப் பிடிகளோடு அது மறுபடி வந்தபோது மக்கள் எதற்கும் எடுத்துச் செல்லும் பையாக மாறியது. இன்று கடைகளில் 'டோட் பேக்' என்று விற்கும் பைகளுக்கு அது ஒரு முன்னோடி.

அதே 1965இல் வந்த இன்னொரு பை

ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த, இரண்டு காது வைத்த ஒற்றைத்துண்டு பிளாஸ்டிக் பைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததும் 1965இல்தான். காகிதப் பைக்காக மரங்களை வெட்டுவது குறையட்டும் என்பது அவர் எண்ணம் என்றும், அவர் எப்போதும் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் சொன்னார். அதாவது, அதைக் கண்டுபிடித்தவரே அதை ஒரு முறை பயன்படுத்தி எறியவில்லை.

நாம் எறிந்தோம். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்ததால் வீட்டிலிருந்து பை எடுத்துப் போகும் பழக்கமே போயிற்று. மஞ்சப்பையோடு வருபவரைப் 'பட்டிக்காடு' என்று கேலி செய்யும் அளவுக்கு வந்தது. எறிந்த பைகள் பெருங்குடிக் குப்பைமேட்டிலும் நம் மழைநீர் வடிகால்களிலும் சேர்ந்தன. 2015 டிசம்பர் முதல் தேதி பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அவ்வளவு மழைக்குப் பைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாதாரண மழைக்கே அடைத்துக்கொள்ளும் வடிகாலைத் தூர்வாரும்போது என்ன வெளியே வருகிறது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளை, தடிமன் எதுவானாலும், தடை செய்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வந்தது. கேலிக்கு ஆளான பை மரியாதையோடு திரும்பியது.

ஆணியில் தொங்கும் பையின் கணக்கு

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் வேண்டும். நெய்யவும் சாயம் போடவும் இன்னும் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011 அறிக்கைப்படி, ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குப் புவி வெப்பமாதல் கணக்கில் ஈடாக, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். டென்மார்க்கில் 2018இல் அங்குள்ள பைகளை வைத்துச் செய்த ஆய்வில் அந்த எண் 52. தண்ணீர், உரம் உள்ளிட்ட எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்தால் அது 7,100 வரை போனது. வடிகாலில் அடைக்கும் பிளாஸ்டிக் இந்தக் கணக்குகளில் சேரவில்லை. ஆகவே நமக்குத் துணிப்பையே நல்லது. ஆனால் பயன்படுத்தினால்தான் நல்லது.

வாரம் இரண்டு முறை எடுத்துப் போனால் 131 முறைக்குப் பதினைந்து மாதம் ஆகும். ஆணியில் தொங்கும் பைக்கு அந்த நாள் வரவே வராது. விழாவுக்கு விழா புதுப் பை கொடுப்பதும் வாங்குவதும் இந்தக் கணக்கைச் சரிசெய்யாது. துணி போலவே தோன்றும் சில பைகள் உண்மையில் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் என்பதையும் கவனியுங்கள். நூல் ஓட்டம் தெரியாமல் புள்ளி புள்ளியாக அழுத்திய தாள் மாதிரி இருந்தால் அது துணி அல்ல.

நீங்களே தைக்க ஓர் அளவு

வீட்டில் இருக்கும் பழைய திரைச்சீலை, ஜீன்ஸ், தடித்த படுக்கை விரிப்பு எதுவும் போதும். புதுத்துணி வாங்காவிட்டால் மேலே சொன்ன கணக்கில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே கழிந்துவிடும்.

செய்தித்தாளில் 19 அங்குல அகலம், 17 அங்குல உயரத்துக்கு ஒரு செவ்வகம் வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் பேட்டர்ன். இதை வைத்து வெளித்துணியில் இரண்டு, உள்துணியில் இரண்டு வெட்டுங்கள். துணி மெல்லியதாக இருந்தால், காலருக்கு வைக்கும் கேன்வாஸை வெளித்துணியின் உட்புறம் வைத்து விளிம்பில் ஓட்டுத்தையல் போடுங்கள். பை விறைப்பாக நிற்கும்.

வெளித்துணிகளின் நல்ல பக்கங்களை எதிரெதிரே வைத்து, பக்கங்களையும் அடியையும் அரை அங்குலம் விட்டுத் தைக்கவும். இனி முக்கியமான வேலை. கீழ் மூலையைப் பிடித்து இழுத்து, பக்கத் தையல் அடித் தையலின்மேல் வருமாறு முக்கோணமாக மடியுங்கள். நுனியிலிருந்து 3 அங்குலம் உள்ளே குறுக்கே ஒரு கோடு போட்டால் அது 6 அங்குல நீளம் இருக்கும். அந்தக் கோட்டில் இரண்டு முறை தைக்கவும். மறு மூலைக்கும் இப்படியே. உள்துணியையும் இதே மாதிரி தைத்து உள்ளே இறக்குங்கள்.

24 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி, நான்காக மடித்துத் தைத்தால் ஓர் அங்குலப் பிடி கிடைக்கும். பிடியின் நுனிகளை இரண்டு துணிகளுக்கும் நடுவே செருகி, பையின் வாயை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கவும். பிடி சேரும் இடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தைத்தால் ஐந்து கிலோ அரிசிக்கும் அசையாது. முடிவில் உங்களிடம் இருப்பது 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 6 அங்குல அடி உள்ள பை. தக்காளி நசுங்காது, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் சாயாமல் நிற்கும்.

தையல் தெரியாதவர்கள் இந்த அளவைத் தெருமுனைத் தையற்கடையில் காட்டினால் போதும். நம் குடியிருப்பிலேயே மெஷின் வைத்திருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். பழைய திரைச்சீலையோடு அவர்களிடம் போய்க் கேளுங்கள். தைத்த பிறகு பையை ஆணியில் மாட்டாதீர்கள். வண்டிச் சாவியின் பக்கத்தில் வையுங்கள். சாவியை எடுக்கும் கை பையையும் எடுக்கும்.