வாழவந்தி நாடு

இக்கட்டுரை கொல்லிமலையிலுள்ள ஊராட்சியைப் பற்றியது. இதே மாவட்டத்தின் சமவெளியில் மோகனூர்ப் பக்கம் உள்ள எஸ். வாழவந்தி என்பது வேறு ஊர்.

வாழவந்தி நாடு என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் அமைந்துள்ள ஒரு சிற்றூராட்சி ஆகும். கொல்லிமலையின் நிருவாகத் தலைமையிடமான செம்மேடு இந்நாட்டினுள் அடங்கும். நாமக்கல் நகரிலிருந்து செம்மேடு சாலை வழியே சுமார் 55 கி.மீ. தொலைவில் உள்ளது. மலைமீதுள்ள 14 ஊராட்சிகளில் கடைகள், அலுவலகங்கள், விடுதிகள் ஆகியன மிகுந்து சிறு நகரின் தோற்றத்தைப் பெற்றிருப்பது இதுவே. இக்கட்டுரை இந்நாட்டின் மக்கள் தொகை, வீடமைப்பு, உள்கட்டமைப்பு ஆகியவற்றை விரிவாகக் கூறுகிறது. சுற்றுலா இடங்கள் தேவையான அளவுக்கு மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன.

பெயரும் 'நாடு' என்ற அலகும்

கொல்லிமலையில் 'நாடு' என்பது ஒற்றை ஊரைக் குறிக்கும் சொல் அன்று. சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுதியே நாடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, பைல் நாடு என மலை முழுவதும் இவ்வாறே பகுக்கப்பட்டுள்ளது. சோழர் காலத்தில் பல ஊர்களைக் கொண்ட நிலப்பிரிவுக்கு வழங்கிய இச்சொல், சமவெளியில் நிருவாக வழக்கிலிருந்து மறைந்த பின்னும் இங்கே உயிருடன் உள்ளது. பின்னாளில் வருவாய்த் துறை நாடுகளை வருவாய்க் கிராமங்களாகவும், ஊரக வளர்ச்சித் துறை ஊராட்சிகளாகவும் எடுத்துக்கொண்டன. இதன் விளைவு கீழே மக்கள் தொகைப் பகுதியில் விளக்கப்படுகிறது.

'வாழவந்தி' என்பதற்கு வாழ வந்தவர்களின் இடம் எனப் பொருள் கொள்ள இடமுண்டு. இம்மலையின் பெரும்பான்மைக் குடிகளான மலையாளிப் பழங்குடியினரின் மரபுக் கதையும் இதற்கு இயைவாக உள்ளது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய மூவரும் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் குடியேறினர் என்பது அக்கதை. யார் எம்மலைக்குச் சென்றார் என்பதில் பாட வேறுபாடுகள் உண்டு. 'மலையாளி' என்பது இங்கு மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குகிறது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தாய்மொழி தமிழே.

மலைநகரம் ஆகாத மலை

ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயரமுள்ள கொல்லிமலை, உயரத்திலும் குளிர்ச்சியிலும் ஏற்காட்டுக்குப் பெரிதும் குறைந்ததன்று. ஆயினும் ஆங்கிலேயர் காலத்தில் ஏற்காடு காப்பித் தோட்டங்களும் மாளிகைகளும் கொண்ட ஊராக வளர்ந்தது. கொல்லிமலை அவ்வாறு வளரவில்லை. இதற்கு முதற்காரணம் மலேரியாக் காய்ச்சல். கொல்லிமலைக் காய்ச்சலின் கொடுமை பழைய சேலம் மாவட்டத்தில் பெயர்பெற்றது. ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் இங்கே பேரளவில் குடியேறத் துணியவில்லை. செங்குத்தான மலைச்சரிவு மற்றொரு காரணம். 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்குப் பின்னரே காய்ச்சலின் பிடி தளர்ந்தது.

இந்தத் தாமதம் மலைவாழ் மக்களுக்கு ஒரு வகையில் நன்மையாக முடிந்தது எனலாம். ஏற்காட்டில் நிலத்தின் பெரும்பகுதி தோட்டங்களாகிப் பிறர் கைக்குப் போயிற்று. கொல்லிமலையில் விளைநிலம் பெரும்பாலும் மலையாளிகளிடமே தங்கியது.

மக்கள் தொகை

இந்திய 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி கொல்லிமலை ஒன்றியத்தின் மக்கள் தொகை 40,000ஐச் சற்றே கடந்தது. இவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பட்டியல் பழங்குடியினர். அதே ஆண்டில் நாமக்கல் மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்த பழங்குடியினர் 57,059 பேர் ஆவர். எனவே மாவட்டப் பழங்குடியினரில் மூன்றில் இரு பங்கினர் இம்மலைமீது வாழ்கின்றனர். தமிழ்நாட்டின் 7,94,697 பழங்குடியினருள் மலையாளிகளே மிகப் பெரிய குழுவினர். அவர்கள் எண்ணிக்கை ஏறத்தாழ 3.58 இலட்சம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முடியும் வரை 2011இன் எண்களே ஆதாரமாகும்.

சுமார் 280 சதுர கி.மீ. பரப்புள்ள மலையில் இம்மக்கள் தொகை ஒரு சதுர கி.மீ.க்கு 150க்கும் குறைவான அடர்த்தியையே தருகிறது. மாநிலச் சராசரி 555. ஆனால் மலைப்பரப்பில் ஏறத்தாழப் பாதி காப்புக்காடு. அதனைக் கழித்தால், மக்கள் உண்மையில் வாழும் நிலத்தின் அடர்த்தி இரு மடங்காகிவிடும்.

நகரமயமாதலை இவ்வெண்களிலிருந்து அறிய முயல்வோர் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பு, ஊரகப் பகுதிகளுக்கு வருவாய்க் கிராம அளவிலேயே எண்களை வெளியிடுகிறது. மலையில் வருவாய்க் கிராமம் என்பது ஒரு முழு நாடு. செம்மேட்டின் கடைத்தெருவும், அதிலிருந்து நடைதொலைவில் மரவள்ளி பயிரிடும் சிற்றூரும் ஒரே எண்ணில் கரைந்துவிடுகின்றன. ஓர் இடம் 'கணக்கெடுப்பு நகரம்' எனப்பட 5,000 மக்கள், சதுர கி.மீ.க்கு 400 அடர்த்தி, ஆண் தொழிலாளர்களில் நான்கில் மூவர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். நாடு முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும்வரை செம்மேடு எவ்வளவு வளர்ந்தாலும் இந்த அளவுகோலுக்குள் வருவது அரிது. வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் பட்டியலில் தெரிவதில்லை. கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு, கட்டட ஒழுங்கு ஆகியவற்றை இன்றும் ஒரு சிற்றூராட்சியே சமாளிக்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைமீது வேலை குறைவாதலால் வெளியேற்றமும் உண்டு. இளைஞர்கள் திருப்பூர், கோயம்புத்தூர் ஆலைகளுக்கும் கேரளத்து மிளகு, காப்பித் தோட்டங்களுக்கும் பருவந்தோறும் சென்று திரும்புகின்றனர்.

பயிர் மாற்றமும் வீட்டு மாற்றமும்

வாழவந்தி நாட்டின் வீடுகள் மாறிய கதையைப் பயிர் மாறிய கதையிலிருந்து பிரிக்க இயலாது. பழைய வீடு மூங்கில் தட்டியின்மேல் மண் அப்பிய சுவர், மலைப்புல் வேய்ந்த தாழ்ந்த கூரை, முன்புறம் உயர்ந்த திண்ணை ஆகியவற்றைக் கொண்டது. உள்ளே அடுப்புக்கு மேலே பரண் இருக்கும். சாமை, கேழ்வரகு, திணை, பனிவரகு ஆகிய தானியங்களின் விதை அப்பரணில் புகை பட்டு, பூச்சி அண்டாமல் அடுத்த பருவம் வரை கிடக்கும். ஆக வீடே விதைக் களஞ்சியமாகவும் இருந்தது.

சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகளின் தேவையால் 1970களுக்குப் பின் மரவள்ளி மலையேறியது. மிளகும் காப்பியும் வாழையும் பரவின. மிளகுக் கொடி ஏறுவதற்குச் சவுக்கு மரம் என இங்கே பொதுவாக அழைக்கப்படும் சில்வர் ஓக் நடப்பட்டது. சிறுதானிய நிலம் பெருமளவு சுருங்கிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் இங்குச் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்து வருவதற்கு இச்சுருக்கமே காரணம். பணப்பயிர் கையில் காசைத் தந்தது. அக்காசு ஓட்டுக் கூரையாகவும், பின்னர்க் கான்கிரீட்டுத் தளமாகவும் மாறியது. கூரைப்புல் வளர்ந்த இடங்களும் பயிராகிவிட்டதால், பழைய முறையில் வீடு வேய விரும்புபவருக்கும் புல் கிடைப்பது கடினமாயிற்று.

அரசு வீடுகளின் பங்கு இதில் பெரிது. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010இன் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-12இல் தொடங்கிய 300 சதுர அடிப் பசுமை வீடு திட்டம், 2016 முதல் நடப்பிலுள்ள பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டம், 2024-25இல் 3.50 இலட்சம் ரூபாய் மதிப்பில் 360 சதுர அடி வீடு என அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக ஊரகத் தமிழ்நாட்டுக்கு வந்தவை.

மலைக்கும் சமவெளிக்கும் இத்திட்டங்கள் காட்டும் வேறுபாடு மிகச் சிறிது. மத்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் சமவெளி வீட்டுக்கு 1.20 இலட்சம் ரூபாயும் மலைப்பகுதி வீட்டுக்கு 1.30 இலட்சம் ரூபாயும் அலகுத் தொகையாகும். கூரைக்கென மாநில அரசு தனியே ஒரு தொகையைச் சேர்க்கிறது. செங்கல், மணல், சிமெண்டு, கம்பி ஆகிய அனைத்தும் கீழிருந்து சரக்குந்தில் ஏற வேண்டும். சாலை முடியும் இடத்திலிருந்து சிற்றூர் வரை தலைச்சுமைக் கூலி வேறு. கூடுதல் 10,000 ரூபாய் இதற்கு ஈடாகாது. திட்டத் தொகையோடு கடனும் சேர்ந்தால்தான் வீடு முடியும் என்ற நிலை மலையில் வியப்புக்குரியதன்று. கான்கிரீட்டு வீடு மழைக்கும் தீக்கும் அஞ்சாதது. ஆண்டுதோறும் கூரை மாற்றும் உழைப்பும் இல்லை. ஆனால் பரண் இல்லை, புகை இல்லை, விதைக்கு இடமும் இல்லை. ஒரே வரைபடத்தைக் கடற்கரைக்கும் மலைக்கும் பயன்படுத்துவதன் விளைவு இது.

2023இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன்மன் திட்டம் பழங்குடி வீடுகளுக்குப் பெரிய தொகை ஒதுக்கியது. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்களே அவ்வாறு வகைப்படுத்தப்பட்டவை. மலையாளிகள் அதில் சேரார்.

சாலைகள்

நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்து அங்கிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுகளுக்கு எண்பலகைகள் உண்டு. பயணிகள் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுவது வழக்கம். நீளமான பேருந்துகள் இதில் திரும்ப இயலாதாகையால் நீளம் குறைந்த பேருந்துகளே இயக்கப்படுகின்றன. சாலை வருமுன் மக்கள் ஒற்றையடிப் பாதைகளில் இறங்கிப் பேளுக்குறிச்சி முதலிய அடிவாரச் சந்தைகளுக்கு விளைபொருளைச் சுமந்தனர். இராசிபுரம் பக்கத்தில் முள்ளுக்குறிச்சி வழியாக அமைந்த இரண்டாவது சாலை, முதற்சாலை மண்சரிவால் அடைபடும் நாட்களில் மலைக்கு உயிர்நாடியாகிறது.

முதன்மைச் சாலையைவிடக் கிளைச்சாலைகளே அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கின்றன. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளை இணைப்பதை அளவாகக் கொண்டது. கொல்லிமலையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. சில பத்து வீடுகளே கொண்டவை பல. இவை அந்த அளவுக்கும் கீழே நின்றுவிடும்.

வழியில் காடு குறுக்கிட்டால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஓர் எளிய வழியைத் திறந்தது. பள்ளி, சாலை, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்கு மிகாமல், எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையுடன் வனநிலத்தைப் பயன்படுத்தலாம். ஆயினும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது 2008இல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் தடைப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிய பின்னரே நகரத் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

நீர், நலவாழ்வு, கல்வி

மலையில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் கோடையில் குடிநீர் குறையும். சார்னோக்கைட்டுப் பாறையின்மேல் அமைந்த மண்ணடுக்கில் ஊறும் நீர் சரிவுகளில் ஊற்றாகக் கசிந்து ஓடிவிடுகிறது. ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, புளியஞ்சோலை வழியே திருச்சிராப்பள்ளி மாவட்டச் சமவெளிக்குச் செல்கிறது. மக்கள் மரபாக ஊற்றுகளையும் ஆழமற்ற கிணறுகளையும் நம்பினர். விடுதிகளும் வீடுகளும் பெருகிய செம்மேட்டுப் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியுள்ளன. வாசலூர்ப்பட்டியில் உள்ள நீர்த்தேக்கம் படகுக் குழாமாகவே வெளியூராருக்கு அறிமுகம்.

செம்மேட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. கடினமான அறுவை மருத்துவத்துக்கு நாமக்கல்லுக்கே இறங்க வேண்டும். வலி கண்ட பெண்ணை 70 வளைவுகளில் இறக்குவது இடர் மிகுந்தது. பேறுகாலத்துக்குச் சில நாட்கள் முன்னரே வந்து தங்குவதற்கான காத்திருப்பு அறைகள் மாநிலத்தின் மலைப்பகுதி நலவாழ்வு நிலையங்களில் ஏற்படுத்தப்பட்டது இதனை முன்னிட்டே. 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்தியும் சாலை உள்ள இடம் வரைதான் வரும். ஆகவே கிளைச்சாலை என்பது நலவாழ்வுச் சிக்கலும் ஆகும்.

அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலை முழுவதும் இயங்குகின்றன. செங்கரையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி உள்ளது. சிதறிய சிற்றூர்களின் குழந்தைகளுக்கு உறைவிடப் பள்ளியே நடைமுறைக்கு ஏற்ற வழியாக இருந்து வருகிறது.

நிலமும் ஆட்சியும்

பழைய ஆட்சிமுறையில் நாட்டுக் கவுண்டர், ஊர்க் கவுண்டர் ஆகியோர் வழக்குகளைத் தீர்த்தனர். பின்னர்த் தேர்தல் வழியிலான ஊராட்சி மன்ற முறை வந்தது. கொல்லிமலை முன்னர் நாமக்கல் வட்டத்தில் இருந்தது. பின்னர்த் தனி வட்டமாக்கப்பட்டது. சட்டமன்றத்துக்குப் பழங்குடியினருக்கான தனித்தொகுதியான சேந்தமங்கலத்தில் அடங்கும். மலைக்குள்ள இரு காவல் நிலையங்களுள் ஒன்று வாழவந்தி நாட்டின் பெயரையே தாங்கியது, மற்றது செங்கரை. நாளிதழ்ச் செய்திகளில் இந்நாட்டின் பெயர் அடிக்கடி தென்படுவது இதனால்தான்.

1976-77 முதல் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதிகளுள் கொல்லிமலையும் ஒன்று. ஆனால் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே, அட்டவணைப் பகுதிக் கிராம சபைகளுக்கு நிலத்தின்மீது வலுவான அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்க வருவாய் வாரிய நிலையாணை 15-40 மட்டுமே உள்ளது. அது அரசு ஒப்படைவு செய்த நிலத்தைப் பற்றியது. இம்மலையில் எடுக்கப்பட்ட பாக்சைட்டு மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. அச்சுரங்கப் பணி 2008இல் நின்றது. அதன் பின் நிலத்துக்கான தேவை சுற்றுலா விடுதிகளிடமிருந்தே மிகுதியாக எழுகிறது.

ஆடி 18ஐ ஒட்டி ஆகத்து முதல் வாரத்தில் வல்வில் ஓரி விழா அரசு சார்பில் செம்மேட்டில் நடைபெறுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரியின் சிலையும் இங்குள்ளது. இவ்விரு நாட்களில் மலையேறும் கூட்டம் ஊராட்சியின் நீர், கழிப்பிடம், வாகன நிறுத்தம் ஆகிய வசதிகளைப் பன்மடங்கு கடந்துவிடும். விழாவுக்கெனத் தற்காலிக ஏற்பாடுகள் செய்யப்பட்டு, விழா முடிந்ததும் அகற்றப்படுகின்றன.