மைசூருவில் வீட்டுக் கூரைப் பழுது: எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகும்?

மைசூரு: மழை பெய்த மறுநாள் காலை அறையின் மேற்புறத்தில் ஈரத்திட்டு தெரிந்தால், வீட்டு உரிமையாளருக்கு முதலில் எழும் கேள்வி எவ்வளவு செலவாகும் என்பதே. ஒரே வீட்டுக்கு மூன்று ஒப்பந்ததாரர்கள் தரும் தொகைகள் சில நேரங்களில் மடங்குக் கணக்கில் வேறுபடுகின்றன. கூரையின் வகை, கசிவுக்கான காரணம், பழைய அடுக்கை அகற்ற வேண்டுமா என்பது ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்களாகும்.

கீழே தரப்பட்டுள்ள தொகைகள் பொருளும் கூலியும் சேர்ந்த தோராய வரம்புகள் ஆகும். ஜிஎஸ்டி இவற்றில் சேராது. வீட்டின் உயரம், பொருளின் தரம், வேலையின் அளவு ஆகியவற்றைப் பொறுத்து இவை கூடவோ குறையவோ செய்யும்.

எப்போது செய்வது நல்லது?

மைசூருவில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே, அக்டோபர் ஆகிய இரு மாதங்களில் மழை உச்சத்தை அடைகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காலம் என்பதால், கூரை வேலைக்கு அதுவே ஏற்றது. ஈரமான தளத்தின் மீது பூசப்படும் பூச்சு ஒட்டாமல் உரிந்துவிடும். மழைக்காலத்தில் அவசரமாகச் செய்யும் வேலை பலவேளைகளில் அடுத்த கோடையில் மீண்டும் செய்யப்படுவதற்கு இதுவே காரணம்.

கான்கிரீட் தளம்

கன்னடத்தில் 'தாரசி' எனப்படும் கான்கிரீட் மொட்டை மாடிகளே நகரின் புதிய குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பாலும் காணப்படுகின்றன. இவற்றுக்கான பொதுவான வேலைகள் வருமாறு:

* விரிசலை அகலப்படுத்திப் பசை நிரப்பி அடைத்தல்: ஓர் அடி நீளத்துக்கு 50 முதல் 120 ரூபாய்.
* அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சு, இரண்டு அல்லது மூன்று கோட்டுகள்: சதுர அடிக்கு 30 முதல் 60 ரூபாய். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.
* பாலியூரித்தேன் பூச்சு அல்லது தார் விரிப்பு: சதுர அடிக்கு 60 முதல் 120 ரூபாய்.
* செங்கல் ஜல்லித் தளம் போட்டு, அதன்மீது தட்டோடு பதித்தல்: சதுர அடிக்கு 120 முதல் 200 ரூபாய்.
* துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும் பகுதியைச் செதுக்கி, துரு நீக்கி, பாலிமர் கலவையால் மூடுதல்: சதுர அடிக்கு 250 முதல் 500 ரூபாய்.

இதன்படி 1,000 சதுர அடி மாடிக்கு அக்ரிலிக் பூச்சு மட்டும் என்றால் 30,000 முதல் 60,000 ரூபாய் ஆகும். அதே மாடிக்குத் தட்டோட்டுத் தளம் என்றால் 1.2 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை செல்லும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறியாமல் மாடி முழுவதும் பூசுவது பணத்தை வீணாக்கும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடம், மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அடைபட்ட குழாய் வாயைச் சுத்தம் செய்வதால் மட்டுமே நின்றுவிடும் கசிவுகளும் உண்டு.

பழைய அடுக்கின் எடை

விலைப்புள்ளிகளில் அதிகம் விடுபடுவது, பழைய தளத்தை உடைத்து அகற்றி, இடிபாடுகளை வண்டியில் ஏற்றி அனுப்பும் செலவு. இதைத் தவிர்ப்பதற்காகப் பழைய அடுக்கின் மீதே புதிய அடுக்கைப் போட்டுத் தருவதாகச் சிலர் கூறுவர். தொகை குறைவாக இருப்பதால் உரிமையாளரும் இசைந்துவிடுவார்.

1,000 சதுர அடி மாடியில் 3 அங்குலக் கனத்துக்குச் செங்கல் ஜல்லித் தளம் போட்டால் அதன் எடை 10 டன்னைத் தாண்டும். இரண்டாவது அடுக்கு அதே அளவு சுமையைக் கூட்டுகிறது. கட்டும்போது இந்தச் சுமை கணக்கில் கொள்ளப்பட்டிருக்காது. எனவே கூரையின் மீது புதிய அடுக்கு சேர்க்கும் முன் கட்டுமானப் பொறியாளரின் கருத்தைப் பெறுவது அவசியம்.

மங்களூர் ஓட்டுக் கூரை

பாசல் மிஷன் அமைப்பு 1865-ஆம் ஆண்டு மங்களூருவில் தொடங்கிய தொழிற்சாலையின் வழியாகப் பரவிய ஓடுகள், மைசூருவின் பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் உள்ளன. தொழிலாளர்கள் இவற்றை 'ஹெஞ்சு' என்பர். 100 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 140 ஓடுகள் தேவைப்படும். ஓர் ஓட்டின் விலை பொதுவாக 25 முதல் 60 ரூபாய். ஓடுகளை இறக்கி, கழுவி, மீண்டும் அடுக்குவதற்குச் சதுர அடிக்கு 30 முதல் 60 ரூபாய் வரை கூலி ஆகும்.

உடைந்த ஓடுகளை மாற்றுவது சிறு செலவே. பெரும் செலவு அடியில் உள்ள மரச்சட்டங்களில் இருக்கிறது. கரையான் அரித்த சட்டங்களின் அளவு ஓட்டை இறக்கிய பிறகே முழுமையாகத் தெரியும் என்பதால், மர வேலைக்குத் தனி விலையை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

சுண்ணாம்புத் தளம்

நெருக்கமாக அமைந்த மரச்சட்டங்களின் மீது செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாகப் பதித்துக் கட்டப்பட்ட 'மெட்ராஸ் டெரஸ்' கூரைகளுக்குச் சதுர அடி விலை சொல்வது கடினம். சட்டங்களின் நிலையே செலவைத் தீர்மானிக்கும். இவற்றின் மீது சிமென்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மரத்தை உளுக்கச் செய்யும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதே பாதுகாப்பானது.

பழுதைத் தள்ளிப்போடுவதன் விளைவை மைசூரு நேரில் கண்டிருக்கிறது. 1892-இல் கட்டப்பட்ட லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்ட் மாதம் இடிந்து விழுந்ததில் நான்கு பேர் உயிரிழந்தனர். 2016 ஆகஸ்ட் மாதம் தேவராஜா மார்க்கெட்டின் ஒரு பகுதியும் சரிந்தது. இவற்றைச் சீரமைப்பதா, இடித்துக் கட்டுவதா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. மேற்புறம் தொய்ந்திருந்தாலோ, சட்டம் விரிந்திருந்தாலோ, காரை துண்டுகளாக விழுந்தாலோ அந்த அறையில் உறங்குவதை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

வரி, கடன், காப்பீடு

சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் மட்டுமே பில்லில் வரி வசூலிக்க முடியும். பதிவு எண் இல்லாத பில்லில் வரி சேர்க்கப்பட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கான வட்டியில், பழைய வருமான வரி முறையில் இருப்போர் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீடு புயல், வெள்ளம் போன்றவற்றால் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு தருகிறது. நாளடைவில் ஏற்படும் தேய்மானத்துக்கு இழப்பீடு கிடைக்காது.

ஒப்புக்கொள்ளும் முன்

விலைப்புள்ளியில் அளந்த பரப்பு, பொருளின் பெயர், கோட்டுகளின் எண்ணிக்கை, இடிபாடு அகற்றும் செலவு, உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகத் தரக் கூடாது.

கான்கிரீட் தளமானால், வேலை முடிந்து உலர்ந்தபின் மழைநீர்க் குழாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் கவனித்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கலாம். 1,000 சதுர அடியில் ஓர் அங்குல நீர் என்பது சுமார் 2,360 கிலோ எடை. ஆகவே பலவீனமான தளத்திலும், மரச்சட்டங்கள் தாங்கும் பழைய கூரையிலும் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அத்தகைய வீடுகளில் முதல் மழை வரை ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.