டிக்கிக்குள் ஒரு பெட்டி: கார் சப்வூஃபரின் கதை

தூரத்தில் ஒரு கார் வருகிறது. பாட்டு காதில் விழுவதற்கு முன்பே வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பாடுவது யார், மெட்டு என்ன என்பதெல்லாம் காருக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே வருவது "தும்... தும்..." மட்டும்தான்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் டிக்கியில் இருக்கும் மூன்று பொருட்கள்: சப்வூஃபர் எனப்படும் பெரிய ஸ்பீக்கர், அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கரைத் தாங்கும் மரப்பெட்டி. வாங்குபவர் முதல் இரண்டுக்குத்தான் பணத்தைக் கொட்டுவார். பெட்டி என்று வந்தால், "இடத்துக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு அடிச்சுக் கொடுங்க" என்பதோடு சரி. ஆனால் இந்த மூன்றின் வரலாற்றையும் எடுத்துப் பார்த்தால், அதிக மூளை செலவானது அந்தப் பெட்டிக்குத்தான் என்பது தெரியவரும்.

இன்றைய ஸ்பீக்கரின் முன்னோடி, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் உருவாக்கியது. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய கூம்பு. அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 1925-ல் வெளிவந்தது. கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஸ்பீக்கரை வெறுமனே மேசைமேல் வைத்தால் பின்னால் கிளம்பும் ஒலி விளிம்பைச் சுற்றி வந்து முன்னால் கிளம்பும் ஒலியைத் தின்றுவிடும். கீச்சுக் குரலுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. கனத்த ஒலிக்கோ முழு நஷ்டம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். 12 அங்குல ஸ்பீக்கர் அதற்கு ஒரு தடையே அல்ல. ஆகவே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்க ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரை மடக்கி மூடினால் பெட்டி.

பின்பக்க ஒலியை வீணாக்குவானேன் என்று யோசித்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ். பெட்டியில் ஒரு துளை வைத்து, உள்ளே இருக்கும் காற்றை ஒரு குறிப்பிட்ட சுருதியில் அதிர வைத்தால், பின்பக்க ஒலி முன்பக்கத்துக்குத் துணையாக வெளியே வரும். 1930-ல் விண்ணப்பித்த இந்தக் கண்டுபிடிப்புக்கு 1932-ல் காப்புரிமை கிடைத்தது. கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ஒலியை மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கிவிடும். வாயின் அளவு மாறினால் உள்ளே இருக்கும் காற்றின் சுருதி மாறும். ஆனால் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், குழாய் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு அன்று நம்பகமான கணக்கு இல்லை. செய்துபார், கேட்டுப்பார், மறுபடி அறு என்பதுதான் முறை. கணக்குத் தப்பிய பெட்டிகள் ஒரே ஸ்வரத்தில் "பூம் பூம்" என்றன.

1954-ல் இன்னொரு வழி பிறந்தது. எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்க ஆசிரியர், ஸ்பீக்கரின் கூம்பைப் பிடித்து நிறுத்தும் விறைப்பான தொங்கலைத் தளர்த்திவிட்டு, அந்த வேலையை மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கே கொடுத்தார். காற்று ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்யும் என்பதுதான் விஷயம். அவரும் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கர், பீரோ அளவுப் பெட்டிகள் தந்த கனத்த ஒலியைப் புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து தந்தது. டிக்கிக்குள் சப்வூஃபர் அடங்குவதற்கான முதல் கதவு இங்கேதான் திறந்தது எனலாம்.

இலவசமாக எதுவும் வராது அல்லவா? க்ளாஸ் பின்னர் 1957-ல் கூட்டாளிகளோடு தொடங்கிய கேஎல்ஹெச் நிறுவனத்தின் மூன்றாவது எழுத்துக்குரியவர் ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன். "ஹாஃப்மனின் இரும்பு விதி" என்று இன்றும் சொல்லப்படுவது அவருடையது. சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம். இந்த மூன்றில் எந்த இரண்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; மூன்றாவதை விட்டுவிட வேண்டும். 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஒரு பெட்டியை 20 ஹெர்ட்ஸ் வரை இறக்க வேண்டுமானால், பெட்டி 8 மடங்கு பெரிதாக வேண்டும். பெட்டி அதே அளவில்தான் இருக்கும் என்றால், அதே சத்தத்துக்கு 8 மடங்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். காரில் இடத்தை விட்டுக்கொடுக்க முடியாது (ஸ்டெப்னிக்கும் பெட்டி படுக்கைக்கும் இடம் வேண்டுமே!). ஆகவே கார்க்காரர்கள் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தார்கள். பெரிய ஆம்ப்ளிஃபயர் ஆடம்பரம் போலத் தோன்றினாலும் அதன் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கைப்பழக்கம். அதைக் கணக்காக்கிய இருவரும் ஆஸ்திரேலியாவில் வேலை செய்தவர்கள். பிரிஸ்பேனில் பிறந்த நெவில் தீல் என்ற பொறியாளர், துளையிட்ட பெட்டியை ஒரு மின்வடிகட்டியைப் போலவே பார்க்கலாம் என்று கண்டார். வானொலிப் பொறியாளர்களிடம் வடிகட்டிகளுக்கான கணக்கு ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை அப்படியே பெட்டிக்கு மாற்றி, 28 வகை அமைப்புகளுக்கு அட்டவணை போட்டு 1961-ல் ஆஸ்திரேலியப் பொறியியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார். பத்து ஆண்டுகள் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் அமெரிக்காவின் ஒலிப்பொறியியல் சங்க இதழ் அதை மறுபதிப்பு செய்த பிறகுதான் விஷயம் பரவியது. சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் என்ற அமெரிக்கர் இந்த வேலையை விரிவாக்கி, மூடிய பெட்டி, துளையிட்ட பெட்டி இரண்டுக்கும் முழுக் கணக்கை 1972, 1973-ல் வரிசையாக வெளியிட்டார். ஹாஃப்மனின் விதிக்கும் அவர் கணித வடிவம் கொடுத்தார்.

இன்று சப்வூஃபரோடு வரும் காகிதத்தில் அச்சாகியிருக்கும் எண்களுக்குப் பெயரே "தீல்-ஸ்மால் அளவுகள்". அவற்றுள் மூன்று முக்கியம். ஸ்பீக்கரின் இயல்பான அதிர்வெண் ஒன்று; அதன் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு இரண்டு; அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைக் காட்டும் "கியூ" எண் மூன்று. ஓர் உதாரணம் பார்த்தால் பெட்டியின் அருமை தெரியும். ஒரு ஸ்பீக்கரின் அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், காற்றளவு 40 லிட்டர், கியூ 0.5 என்று வைத்துக்கொள்வோம். அதை 40 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்தினால், மொத்த கியூ சுமார் 0.7; அதிர்வெண் சுமார் 42 ஹெர்ட்ஸ். சமச்சீரான, அளவான ஒலி. அதே ஸ்பீக்கரை இடமில்லை என்று 13 லிட்டர் பெட்டியில் திணித்தால் கியூ 1-ஐத் தொடும், அதிர்வெண் 60-க்கு ஏறிவிடும். ஆழம் போய்விடும், ஒரே இடத்தில் ஒலி வீங்கிக்கொள்ளும். ஸ்பீக்கரும் அதேதான், ஆம்ப்ளிஃபயரும் அதேதான், செலவழித்த பணமும் அதேதான்! ஒரு தச்சர் அளவுநாடாவைப் பிடித்த விதம் மட்டுமே வேறு. (இந்த லிட்டர் கணக்கில் ஸ்பீக்கரின் பின்பகுதி, உள்ளே அடித்த தாங்குகட்டைகள் ஆகியவை பிடிக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.)

சரி, காருக்கு வருவோம். 1930-ல் பால் கால்வின் தன் நிறுவனத்தின் முதல் கார் ரேடியோவான 5டி71-ஐக் காரில் பொருத்திக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்குப் போனார். உள்ளே கடை போட இடம் இல்லாததால் வெளியே காரை நிறுத்தி, சத்தமாகப் பாட வைத்து ஆள் பிடித்தார். அந்த ரேடியோவின் பெயர் மோட்டோரோலா. காரில் சத்தமாகப் பாட்டு வைத்து நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைப்பது அன்றே தொடங்கிவிட்டது!

கார் ஒலியின் நிரந்தரத் தலைவலி பேட்டரி. 1950-களில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட் வரைதான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இதை நேரடியாகக் கொடுத்தால், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஓட்டும் சிறந்த சுற்றிலும் 26 வாட்டைத் தாண்ட முடியாது. நடைமுறையில் 20 வாட் வந்தாலே அதிகம். 500 வாட் வேண்டுமானால் அதே 4 ஓமுக்குச் சுமார் 45 வோல்ட் வேண்டும். ஆகவே பேட்டரியின் மின்னழுத்தத்தை முதலில் உயர்த்தி, பிறகு பெருக்க வேண்டும். இந்த வழியை வணிகமாக்கியவர்களுள் ஒருவர், 1973-ல் அரிசோனாவில் நிறுவனம் தொடங்கிய ஜிம் ஃபாஸ்கேட். பின்னாளில் ராக்ஃபர்ட் ஃபாஸ்கேட் என்று பெயர் பெற்றது அதுதான். மின்னழுத்தத்தை உயர்த்தலாம், சக்தியைப் படைக்க முடியாது. 500 வாட் வெளியே வர, பழைய வகை ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். ஒவ்வொரு "தும்"முக்கும் ஹெட்லைட் மங்குவது இதனால்தான். கட்டைவிரல் பருமனுக்குக் கேபிள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் என்று வற்புறுத்துவதும் இதனால்தான். அந்தக் கேபிள் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால், ஃப்யூஸ் இல்லாத கார் தீப்பிடித்துவிடும். பின்னாளில் பரவிய டி வகை ஆம்ப்ளிஃபயர்கள் 80 சதவீதத்துக்கு மேல் திறனோடு வேலை செய்வதால் இந்தச் சுமை வெகுவாகக் குறைந்தது.

பொருத்தம் என்று சொல்வது இங்கே இரண்டு எண்களைத்தான்: ஓம், வாட். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் பிணைத்தால் 2 ஓம். 2 ஓம் தாங்காத ஆம்ப்ளிஃபயரில் அதை மாட்டினால் சூடேறி அணைந்துவிடும், அல்லது புகைந்துவிடும். வாட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. சின்ன ஆம்ப்ளிஃபயர் தன் எல்லைக்கு மேல் விரட்டப்பட்டால் அலையின் தலை வெட்டப்பட்டுச் சதுரமாகும். அதே உயரமுள்ள சதுர அலையில் இரண்டு மடங்கு சக்தி உண்டு. கம்பிச்சுருள் கருகிய பிறகு "ஆம்ப்ளிஃபயர் சின்னதுதானே, எப்படிக் கருகியது?" என்று கேட்பவர்களுக்கு விடை இது. ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் கெயின் குமிழை வால்யூம் குமிழ் என்று நினைத்துக் கடைசிவரை திருகுவதில்தான் இது பெரும்பாலும் ஆரம்பிக்கிறது. பெட்டிமேல் "1000 வாட்" என்று அச்சடிக்கும் கூத்துக்கு அமெரிக்காவில் 2003-ல் ஒரு தரநிர்ணயம் வந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவு. இந்த நிபந்தனையில் அளந்த வாட்டைத்தான் போட வேண்டும். அதைப் பின்பற்றுவது கட்டாயமல்ல என்பதால் கூத்து முற்றிலும் நிற்கவில்லை.

கார் ஒரு விதத்தில் உதவியும் செய்கிறது. உள்ளே இருக்கும் நீளம் இரண்டரை மீட்டர் என்றால், சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை முழுதாக விரிய இடமில்லை. கார் முழுவதும் ஒரே காற்றழுத்தமாக ஏறி இறங்குகிறது. அதனால் கீழே போகப் போக ஒலி கூடுகிறது. மூடிய பெட்டியின் ஒலி ஏறக்குறைய அதே வேகத்தில் குறைந்துகொண்டு போகும். இரண்டும் சேர்ந்தால் ஓரளவு சமன். வீட்டில் ஏமாற்றும் ஒரு சின்னப் பெட்டி காரில் அசத்துவது இப்படித்தான்.

ஆனால் இவ்வளவு ஆழமான ஒலி பாட்டில் இருக்க வேண்டுமே? வினைல் தட்டில் பெரிய பாஸை வெட்டினால் ஊசி துள்ளிவிடும். 1982-ல் வந்த குறுந்தகட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதற்குச் சற்று முன், 1980-ல், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தை வெளியிட்டது. அதன் பேஸ் டிரம் உண்மையான டிரம் போல இல்லை என்று பலர் ஒதுக்க, சுமார் 12,000 மட்டும் செய்து 1983-ல் நிறுத்திவிட்டார்கள். பழைய இயந்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. பணமில்லாத இளைஞர்கள் வாங்கினார்கள். அந்த நீண்டு அதிரும் டிரம்மை மையமாக வைத்து ஃப்ளோரிடாவின் கறுப்பின இளைஞர்கள் 1980-களில் வளர்த்த இசைதான் மியாமி பாஸ். கிளப்பில் மட்டுமல்ல, காரில் கேட்பதற்கென்றே இசைத்தட்டுகள் வந்தன. டிக்கிப் பெட்டிக்கு ஏற்ற பாட்டு கடைசியில் கிடைத்துவிட்டது! 1990-களில் இது போட்டியாகவும் மாறியது. கதவை போல்ட் போட்டு, உடலில் கான்கிரீட் நிரப்பி, ஆள் உட்கார முடியாத கார்களில் 170 டெசிபலைத் தாண்டினார்கள். அதை இசை என்று சொல்வது கஷ்டம்.

தெருவில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஃப்ளோரிடாவில் 25 அடி தூரத்தில் காரின் பாட்டு தெளிவாகக் கேட்டால் அபராதம் என்று சட்டம் இருந்தது. ஆனால் வியாபார வண்டிக்கும் அரசியல் பிரசார வண்டிக்கும் விலக்கு! 2007-ல் அபராதம் வாங்கிய ஒரு வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். பிரசாரத்துக்கு ஒரு நியாயம், பாட்டுக்கு ஒரு நியாயம் என்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை முதல், திருத்தங்களோடு 25 அடி விதி திரும்பி வந்தது. அடியை அளக்கலாம், ஆனால் கனத்த ஒலியைச் சுவரும் கண்ணாடியும் சரியாகத் தடுப்பதில்லை. மனிதக் காதும் 40 ஹெர்ட்ஸை உணர, பேச்சு ஒலியைவிடப் பல ஆயிரம் மடங்கு சக்தியைக் கேட்கிறது. உள்ளே இருப்பவருக்குப் போதாமல் இருக்கும்போதே வெளியே இருப்பவரின் ஜன்னல் அதிரத் தொடங்கிவிடுகிறது.