மாநாட்டு நகரமும் தோட்டப்புறக் கடற்கரையும்: உலகத் தமிழ் மாநாடுகளின் தடங்களை முன்வைத்துப் போர்டிக்சன் பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

பெருமாநாடு ஒன்றை ஏற்று நடத்தும் நகரம், அம்மாநாடு முடிந்த பின்னர் முன்பிருந்த நகரமாகவே இருப்பதில்லை. சாலைகள் அகலமாகின்றன, தங்கும் விடுதிகள் பெருகுகின்றன, நகரின் பெயர் வெளிநாட்டார் நாவில் பயில்கின்றது. இவை உடனடி விளைவுகள். மாநாட்டின் நினைவாக அந்நகரில் எது நிலைத்து நிற்கின்றது, வந்தோர்க்கு அந்நிலத்தின் எப்பகுதி காட்டப்பெற்றது என்பன நெடுங்கால விளைவைச் சார்ந்த வினாக்களாகும். தமிழாய்வு மாநாடுகளின் கல்விப் பயன் குறித்துப் பலரும் எழுதியுள்ளனர். அவை நடைபெற்ற ஊர்களுக்கு விளைந்த பயன் அத்துணை விரிவாக நோக்கப்பெறவில்லை. இக்கட்டுரை அப்பயனை வரலாற்று முறையில் நோக்கி, அதனை நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்டிக்சன் வட்டாரத்தோடு இணைத்துக் காண முற்படுகின்றது.

மாநாடும் சுற்றுலாவும்

மாநாட்டுப் பேராளர் ஏனைய சுற்றுப்பயணியரினின்றும் வேறுபட்டவர். அவர் வரும் நாளும் தங்கும் நாளும் முன்னரே உறுதியாகி விடுகின்றன. விடுமுறைக் கூட்டம் இல்லாத வார நாள்களிலும் அவர் விடுதிகளை நிரப்புகின்றார். வந்த ஊரைக் காணும் ஆவல் அவருக்கு உண்டு. அதற்கான நேரமோ ஒரு நாள் அல்லது அரை நாளே. ஆகவே அந்த ஒரு நாளில் அவரை எங்கு அழைத்துச் செல்வது என ஏற்பாட்டுக் குழுவினர் எடுக்கும் முடிவே, அந்நாட்டைப் பற்றி அவர் கொண்டு செல்லும் கருத்தைப் பெரிதும் உருவாக்குகின்றது.

மலேசிய வரலாற்றில் இதற்கு இரு சான்றுகள் காட்டலாம். 1972ஆம் ஆண்டில் பசிபிக் வட்டாரப் பயணச் சங்கத்தின் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. நாட்டின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோற்றம் பெற்றதும் அதே ஆண்டிலாகும். சுற்றுலாவை அரசு தன் பொறுப்பாக ஏற்ற காலத்தின் தொடக்கமாக அவ்வாண்டைக் கொள்ளலாம். அடுத்து, 1989ஆம் ஆண்டு அக்டோபரில் காமன்வெல்த் நாடுகளின் அரசுத் தலைவர்கள் மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. தலைவர்களின் ஓய்வு அமர்வு மட்டும் லங்காவித் தீவில் நடைபெற்றது. அங்கு உருவான சுற்றுச்சூழல் அறிக்கை லங்காவிப் பிரகடனம் என்றே பெயர் பெற்றது. 1987இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்டிருந்த லங்காவியின் பெயரை உலக அரங்கில் பரப்பியதில் இவ்வமர்வுக்கும் பங்குண்டு. தலைநகரில் கூடும் மாநாட்டின் ஒரு பகுதியைக் கடலோர ஊர் ஒன்றுக்குக் கொண்டு செல்ல இயலும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. இதனை நாம் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

உலகத் தமிழ் மாநாடுகள் விட்டுச்சென்ற தடங்கள்

1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றம், தன் முதல் மாநாட்டை 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடத்தியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகளார் அதற்கு உயிர்நாடியாக இருந்தார். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் மாநாட்டைத் தொடக்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர் வந்திருந்தனர்.

இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடைபெற்றபோது, மாநாடு என்பது ஊரின் தோற்றத்தையே மாற்றும் நிகழ்வாக வளர்ந்தது. வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சிதம்பரனார் எனப் பதின்மர் சிலைகள் மெரினாக் கடற்கரையில் நிறுவப்பெற்றன. இன்று அக்கடற்கரைக்கு வரும் பயணி ஒருவர் 1968 மாநாட்டை அறியாதவராக இருக்கலாம். ஆயினும் அம்மாநாடு அமைத்த வரிசையைக் கண்டே அவர் கடந்து செல்கின்றார். 1981இல் மதுரை மாநாட்டைத் தொடர்ந்து அவ்வாண்டிலேயே தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1995இல் எட்டாம் மாநாட்டை ஏற்ற தஞ்சையில் இராசராச சோழன் மணிமண்டபம் எழுந்தது.

எல்லாத் தடங்களும் மகிழ்ச்சிக்குரியன அல்ல. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த நான்காம் மாநாட்டின் இறுதி நாளில் காவல்துறை நடவடிக்கையின்போது உயிர்கள் பறிபோயின. அவர்தம் நினைவுத்தூண்களே அந்நகரில் அம்மாநாட்டின் அடையாளமாக நிற்கின்றன. காலம் தாழ்ந்த தடங்களும் உள்ளன. 2010 சூனில் கோயம்புத்தூரில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது அறிவிக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில்தான் திறக்கப்பெற்றது. மேடையில் அறிவிக்கப்படுவதற்கும் மண்ணில் உருப்பெறுவதற்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள் கழிந்துள்ளன.

கோலாலம்பூரின் நிலை

கோலாலம்பூர் 1966, 1987, 2015, 2023 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கண்ட நகரம். இத்துணை முறை மாநாடு கூடிய வேறு நகரம் இல்லை. எனினும் மெரினாச் சிலைகளைப் போலவோ தஞ்சை மணிமண்டபத்தைப் போலவோ பொதுமக்கள் கண்டு நிற்கும் சின்னம் எதனையும் இம்மாநாடுகளோடு இணைத்துச் சொல்வதற்கில்லை. அவற்றின் பயன் ஆய்வுத் தொகுதிகளிலும் நூலகத்திலும் தங்கியுள்ளது. அது சிறுமையன்று, ஆயினும் அது ஊரறிந்த பயனும் அன்று.

இதற்கு மாறாக, அரசுமுறை மாநாடு ஒன்று பிரிக்பீல்ட்சில் கண்கூடான அடையாளத்தை விட்டுச் சென்றுள்ளது. 2015 நவம்பரில் ஆசியான் தொடர்பான உச்சநிலை மாநாடுகளுக்காகக் கோலாலம்பூர் வந்திருந்த இந்தியப் பிரதமர், மலேசியப் பிரதமருடன் இணைந்து அங்குத் தோரண வாயிலைத் திறந்து வைத்தார். இந்தியா நல்கிய அக்கொடை சாஞ்சித் தூபியின் வாயிலை ஒத்தது. அழகிய அமைப்புத்தான். ஆயினும் பிரிக்பீல்ட்சு மலாயா இருப்புப்பாதைத் தொழிலாளர் பலர் வாழ்ந்த இடம். அங்கு வரும் பயணிக்குச் சாஞ்சியின் நினைவு கிட்டுகின்றது. இருப்புப்பாதை அமைத்தோரின் நினைவு அவ்வாயிலால் கிட்டுவதில்லை. மாநாட்டுச் சின்னம் ஓரிடத்தில் நிலைபெறுவது வேறு. அது அவ்விடத்தின் வரலாற்றைச் சொல்வது வேறு. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையமாகும்.

போர்டிக்சனும் அதன் தோட்டங்களும்

போர்டிக்சன் சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவிலும், தலைநகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரப் பயணத்திலும் உள்ள கடலோர நகரம். 1891இல் சிரம்பானோடு இருப்புப்பாதையால் இணைக்கப்பெற்ற இத்துறைமுகம், உள்நாட்டு விளைபொருள்களை ஏற்றியனுப்பும் வாயிலாக விளங்கியது. சுங்கை ஊஜோங் நிலப்பகுதியில் காப்பியும் பின்னர் ரப்பரும் பயிராயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அத்தோட்டங்களில் குடியமர்ந்தனர். லின்சம், சுவா பெத்தோங், செயின்ட் லியோனார்ட்ஸ் முதலிய தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. லயங்களின் ஓரத்தே தோன்றிய சிறு பள்ளிகளே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வேர்களாயின.

இவ்விடத்து நாம் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். 1956இல் சிங்கப்பூரில் தோன்றிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறிய இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூலகத்திற்காக, கோ. சாரங்கபாணி தமிழ் முரசு வாயிலாகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ எனும் நிதித் திட்டத்தை முன்னெடுத்தார். எளிய மக்களின் சிறு நன்கொடைகளே அத்திட்டத்தைத் தாங்கின. பால்மரம் வெட்டிய கைகளும் அதற்கு ஈந்தன. அத்துறையே 1966 மாநாட்டிற்குத் தாயகமாயிற்று. எனவே மாநாட்டுப் பேராளர் அமர்ந்த அரங்கிற்கும் தோட்டத்துப் பெரட்டுக்களத்திற்கும் உள்ள தொடர்பு உணர்ச்சி வயப்பட்ட கற்பனையன்று, வரலாற்று உண்மையாகும்.

இன்றைய போர்டிக்சன் சுற்றுலா கடற்கரையை மையமாகக் கொண்டது. தெலுக் கெமாங் கரையோரத்து விடுதிகள் வார இறுதியில் குடும்பங்களாலும், வார நாள்களில் கருத்தரங்குகளாலும் பயிலரங்குகளாலும் நிரம்புகின்றன. நம் தமிழாசிரியருள் பலர் பயிற்சிக்காக அங்குத் தங்கியவரே. வரலாற்றுச் சின்னங்களாக 1847இல் எழுந்த லுக்குட் கோட்டையும், தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கமும், 1933இல் மலாய்ப் படைப்பிரிவு அவ்வூரில் தொடங்கியமையை நினைவூட்டும் இராணுவ அருங்காட்சியகமும் காட்டப்படுகின்றன. இவை போற்றத்தக்கன. ஆயினும் விடுதிகளிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே சென்றால் தொடங்கும் தோட்ட நிலம், சுற்றுலாக் கையேடுகளில் இடம்பெறக் காண்பது அரிது. ரப்பர் செம்பனையாயிற்று, லயங்கள் பல இடிக்கப்பெற்றன, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியுள்ள கோவிலும் பள்ளியுமே அங்கு ஓர் ஊர் இருந்தது என்பதற்குச் சான்று.

செய்யத்தக்கன

சிறு கூடுகையும் ஓர் இடத்தின் இயல்பைச் சார்ந்து அமைந்தால் நிலைத்த பயன் தரும் என்பதற்குப் போர்டிக்சனிலேயே சான்றுண்டு. நிருவாகத்தால் மலாக்காவுக்கு உரியதாயினும் போர்டிக்சன் வழியே சென்றடையும் தஞ்சோங் துவானில், மார்ச்சு மாதந்தோறும் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்துவரும் தேன்பருந்து முதலிய பறவைகளைக் காண ஆர்வலர் கூடுகின்றனர். மலேசிய இயற்கைக் கழகம் நடத்தும் இவ்விழாவுக்காகப் புதுக் கட்டடம் எதுவும் எழவில்லை. அங்கு முன்பே இருந்ததனை அறிந்தோர் விளக்கிச் சொல்கின்றனர். காண்போர் ஆண்டுதோறும் வருகின்றனர்.

தமிழ் மாநாடுகளும் இவ்வழியைக் கொள்ளலாம். தலைநகரில் கூடும் அடுத்த பெருமாநாட்டின் ஒரு நாள் அமர்வு, லங்காவி அமர்வைப் போன்று, போர்டிக்சனில் நிகழலாம். முற்பகலில் தோட்ட வரலாறு, நாட்டார் பாடல், தமிழ்ப்பள்ளி வரலாறு பற்றிய ஆய்வுரைகள். பிற்பகலில் தோட்டப் பள்ளிக்கும் கோவிலுக்கும் செலவு. அம்மண்ணில் வாழ்ந்த முதியோரே வழிகாட்டிகளாக அமைதல் என அதனை வகுக்கலாம். உணவும் ஊர்தியும் உள்ளூராரிடம் பெறப்படின், பேராளர் செலவிடும் பணம் விடுதி வாயிலோடு நின்றுவிடாது.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தோட்டத்து வறுமையைக் காட்சிப் பொருளாக்குதல் அறமாகாது. அங்கு வாழ்வோர் விருந்தோம்புவோராக இருத்தல் வேண்டுமேயன்றிப் பார்க்கப்படும் பொருளாக ஆதல் கூடாது. எதைக் காட்டுவது, எதைக் கூறாது விடுவது என முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. தோட்டங்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் உடைமையாதலால், அவற்றின் இசைவும் முன்னரே பெறப்படுதல் வேண்டும். இவற்றுக்குக் காலம் பிடிக்கும்; மாநாட்டிற்கு முந்திய மாதத்தில் தொடங்கினால் இயலாது.

முடிவுரை

மாநாடு நகருக்கு வருவாய் தருகின்றது. அவ்வருவாய் அடுத்த பருவத்தில் மறைந்தும் போகலாம். நகரின் வரலாற்றை அது வந்தோர்க்கு எடுத்துக்காட்டி, அவ்வூர் மக்களுக்கே அவர்தம் மதிப்பை உணர்த்துமாயின், அப்பயன் நெடிது நிற்கும். சென்னை அதனைச் சிலைகளாக அமைத்துக்கொண்டது. மலேசியத் தமிழருக்குச் சிலைகளினும் முதன்மையானது, தோட்டத்து நினைவுகளைத் தம் வாய்மொழியால் கூறவல்ல தலைமுறையாகும். பெரட்டு மணியோசை கேட்டு வளர்ந்தோர் முதுமை எய்திவிட்டனர். ஆண்டுதோறும் அவர்தம் எண்ணிக்கை குறைகின்றது. சிலையை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். அவர்களிடம் கேட்கவேண்டியதை அவர்கள் வாழுங்காலத்திலேயே கேட்டாக வேண்டும். அடுத்த மாநாட்டைத் திட்டமிடுவோரும் கடலோர விடுதிகளில் பயிலரங்கு நடத்தும் நாமும் அக்கடமையைப் போர்டிக்சனிலிருந்தே தொடங்குதல் தகும்.