இரு விடியல்களின் தூரம்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், இன்று நாம் மணிக்கணக்கில் விடை கூறுகிறோம். தூரம் மாறுவதில்லை, அதைக் கடக்கும் காலமே மாறுகிறது. அந்தக் காலத்தைக் குறைக்க மனிதர் என்ன விலை கொடுத்தனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

1935-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் பயணிகள் விமானப் போக்குவரத்து தொடங்கியபோது, பயணம் பன்னிரண்டரை நாள் நீடித்தது. சிங்கப்பூர் அவ்வழியின் முக்கிய தங்குமிடம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அறுந்தது. ஆஸ்திரேலியா தனித்து நின்றது.

அறுந்த வழியை மீண்டும் இணைக்க, இலங்கையின் தென்கரையில் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியும், மேற்கு ஆஸ்திரேலியாவில் பேர்த் நகரின் சுவான் ஆறும் தெரிந்தெடுக்கப்பட்டன. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர்; முழுவதும் இந்துமாக்கடல். 1943-ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனத்தார் 'கட்டலினா' என்னும் கடல் விமானங்களைக் கொண்டு இச்சேவையைத் தொடங்கினர்.

அவ்விமானங்களின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டரே. கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்காகத் தவிர்க்கக்கூடிய கருவிகள் பல அகற்றப்பட்டன. எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் சுமார் 69 கிலோ தபாலும் மட்டுமே செல்ல இயன்றது. புறப்பட்ட முதல் சில மணி நேரத்திற்குள் ஓர் இயந்திரம் பழுதுபட்டாலும், அத்துணைப் பாரத்தோடு மீள்வது அரிது. பகைவர் அறியாதிருக்க வானொலியில் பேசுவதும் தவிர்க்கப்பட்டது, விண்மீன்களே வழிகாட்டின. ரீகல், வேகா, அல்டேர் என விண்மீன்களின் பெயர்களையே அவ்விமானங்களும் தாங்கியிருந்தன.

சாதாரணமாகப் பயணம் 28 மணி நேரமளவு நீடிக்கும். எதிர்க்காற்று வீசினால் 32 மணியையும் தாண்டும். அத்தனை நேரமும் கரையில் காத்திருந்தோர்க்கு மௌனமே செய்தி! வானிலிருந்தபடியே இருமுறை கதிரவன் உதிக்கக் கண்ட பயணிகளுக்கு, 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு'வின் உறுப்பினர் என்னும் சான்றிதழ் வழங்கப்பட்டது. அச்சத்தை நகைச்சுவையால் ஆற்றிக்கொண்டனர் போலும்.

1945 ஜூலையில் சேவை முடிவுற்றபோது, 271 முறை அக்கடல் கடக்கப்பட்டிருந்தது. ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. ஆயினும், இரவலாகப் பெற்ற அவ்விமானங்கள் போருக்குப்பின் ஒப்பந்தப்படி ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. நன்றியின் கணக்கு வேறு, ஒப்பந்தத்தின் கணக்கு வேறு அன்றோ!

2018 மார்ச்சில் அதே பேர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவை தொடங்கிற்று. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். ஏறக்குறைய 17 மணி நேரம். கொக்கலப் பயணத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம், பாதியைச் சற்றே மிஞ்சிய காலம்.

காலம் சுருங்கியதில் மகிழ்வோம். ஆனால், 69 கிலோ மடல்களுக்காக உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்கள், மடலுக்குக் காத்திருக்கும் ஒருவரின் ஏக்கத்தை எடைபோட அறிந்திருந்தனர். சில மணி நேரத்தில் எங்கும் சென்றடையக்கூடிய நாம், நம் மடலுக்காக, நம் வருகைக்காக எவரேனும் காத்திருக்கின்றனரா என்று எண்ணிப் பார்க்கிறோமா? தூரத்தைக் கடக்க விமானம் போதும். நெருங்குவதற்கு மனம் வேண்டும்.